காய்ச்சல் இல்லை என்றேன்

மார்ச் 4, செவ்வாய்

பட்டை வந்துவிட்டது. மூன்றாவது தடவை.

முதல் தடவை வந்தபோது குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இரண்டாவது தடவை வந்தபோது யாரிடமும் காட்டாமல் டிராயரில் வைத்துப் பூட்டினேன். இன்றைக்குப் புரதத்தைப் பட்டையாகக் காட்டுகிற படத்தைக் கையில் வாங்கியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வைரஸ் படாத செல்லில் மேலே ஒரே ஒரு பட்டை, முழுசாக, கறுப்பாக. வைரஸ் ஏறிய செல்லில் அது மங்கிப்போய், கீழே இன்னொரு பட்டை. சின்னது. வெட்டுப்பட்ட துண்டு.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும். அவளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? எழுதிப் பார்க்கிறேன்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் காவல்காரன் மாதிரி ஒரு புரதம் இருக்கும்மா. வைரஸ் உள்ள வந்தா அது மணி அடிக்கும். மணி அடிச்சாதான் பக்கத்து செல்லுக்கெல்லாம் தெரியும், உடம்பு சூடாகும், காய்ச்சல் வரும். இந்த வைரஸ்கிட்ட ஒரு நொதி இருக்கு, கத்தரிக்கோல் மாதிரி. அது தன்னோட சொந்தப் புரதத்தைத் துண்டு போடத்தான் வச்சிருக்கு. ஆனா போற போக்குல நம்ம காவல்காரனையும் வெட்டிடுது. மணி அடிக்கல. அதான் தம்பிக்குக் காய்ச்சலே வரல. யாருக்கும் தெரிஞ்சிருக்க வழியில்ல. எனக்கும்தான்."

அந்த "எனக்கும்தான்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதற்காகத்தானே இந்த ஒரு வருஷமும்.

மார்ச் 5, புதன்

எதிர் மேசைக்காரி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளைச் "சந்தேகம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சந்தேகம் ஒன்றும் சொல்லாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல மடிப்பதை நிறுத்தினாள். தம்பி மகள் வாலு பக்கத்து அறையில் பொம்மைக்குக் காது குத்திக்கொண்டிருந்தது. ஆறு வயது ஆகப்போகிறது, ஒரு பொம்மையையும் முழுசாக விட்டுவைத்ததில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப யார் மேலயும் தப்பு இல்லையா அண்ணி?"

"இல்லம்மா."

"நான் எங்க அம்மா வீட்டுக்குப் போகாம இங்கயே இருந்திருந்தா?"

"இருந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. காய்ச்சலே இல்லையே."

அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதாள். பதினான்கு மாதமாக அந்தப் பத்து நாளைத்தான் நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பள்ளிக்கூட லீவு என்று குழந்தையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பத்து நாள். சமைத்துப்போட ஆள் இல்லை என்று தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். மூன்று நாள் தலைவலி, அசதி. நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. "வேலை அசதிடா, தூங்கு" என்றேன். நான்காம் நாள் காலையில் எங்கள் அம்மாவைப் பார்த்து "யார் இது?" என்று கேட்டான். பிறகு வலிப்பு. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். அவ்வளவுதான் அவன் கதை.

முப்பத்தாறு வயது.

கிளம்பும்போது அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளித்தவள் மாதிரி இருந்தாள். இன்னைக்குத் தூங்குவேன் அண்ணி என்றாள். நல்ல காரியம்தான் செய்திருக்கிறேன். அப்படித்தானே?

மார்ச் 17, திங்கள்

ஏழாம் எண் குப்பியை இன்றைக்கு மறுபடி எடுத்தேன்.

அந்த வருஷம் பதினொரு பேருக்கு இந்த வைரஸ் வந்தது. பதினொரு மாதிரிகளும் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு இங்கே வந்தன. வயது, சேர்ந்த தேதி, அவ்வளவுதான் தாளில் இருக்கும். ஆண், முப்பத்தாறு. அந்தத் தேதியில் சேர்ந்தது ஒரே ஒருவன். எனக்குக் கணக்கு தெரியாதா? யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரிசோதனைக்கூடத் தலைவர் என்னை இந்த வேலையிலிருந்து தூக்கியிருப்பார், தூக்கவும்தான் வேண்டும்.

செல் வளர்க்கிற அறையில் விசிறிச் சத்தம் மட்டும்தான். கண்ணாடிக்குள் கையை விட்டு, குப்பியைச் சாய்த்து, செல்லுக்குச் சாப்பாடான இளஞ்சிவப்புத் தண்ணீரை ஊற்றும்போது தம்பி பின்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது. இப்போதெல்லாம் தினமும். திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் சிந்திவிடும்.

"என்னக்கா, டாக்டரம்மா, எனக்குச் சாப்பாடு போடறியா?"

முனைவர் பட்டம் வாங்கின நாளிலிருந்து டாக்டரம்மா என்றுதான் கிண்டல். "நீ டாக்டர்னா ஒரு தலைவலி மாத்திரை எழுதிக் குடேன் பாப்போம்" என்பான்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியாது.

மார்ச் 26, புதன்

தலைவருக்கு ஏக குஷி. ஏப்ரல் கடைசிக்குள் கட்டுரையை அனுப்பிவிட வேண்டுமாம். "காவல்காரனை வெட்டுற கத்தரிக்கோல்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதுவும் என் உவமைதான், சுட்டுவிட்டார்.

டீ குடிக்கும்போது சந்தேகம் வந்து உட்கார்ந்தாள். வந்துவிட்டதடா என்று நினைத்தேன்.

"செல்லை உடைக்கும்போது என்ன போட்ட?"

"எப்பவும் போடறதுதான். சோப்புக் கரைசல். கூடவே நொதியையெல்லாம் நிறுத்துற கலவை."

"அந்தக் கலவை இந்த நொதியையும் நிறுத்துமா?"

"எல்லாத்தையும் நிறுத்தும்னுதான் டப்பாவுல போட்டிருக்கு."

"டப்பாவுல ஆயிரம் போட்டிருப்பான். உயிரோட இருக்கிற செல்லுல வெட்டுச்சா, இல்ல நீ உடைச்சப்புறம் குழாய்க்குள்ள வெட்டுச்சா? அதைச் சொல்லு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசையிலிருந்து இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசரவில்லை. "எனக்கு நிறைய வேலை இருக்கு. இது உன் வேலை" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

நொதியைச் செயலிழக்கச் செய்தும் பார்த்தேனே. வெட்டு போய்விட்டதே. அது போதாதா?

போதாது. நொதி வெட்டுகிறது என்பதற்குத்தான் அது சாட்சி. எங்கே, எப்போது வெட்டுகிறது என்பதற்கு இல்லை. முதல் வருஷத்து மாணவிக்குத் தெரிகிற விஷயம். எனக்குத் தெரியாமல் போச்சாம்.

மார்ச் 27, வியாழன்

அவள் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. பின் வாசல் வழியாகப் போனேன், பின் வாசல் வழியாகவே வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

டிராயரைக் குடைந்தேன். நவம்பரில் எடுத்த அளவீடு ஒன்று கிடைத்தது. மணி அடித்தால் செல் வெளியே அனுப்புகிற எச்சரிக்கைப் புரதம் எவ்வளவு என்று அளந்தது. காவல்காரன் வெட்டுப்பட்டிருந்தால் அது துளிதான் இருக்க வேண்டும். ஏழாம் எண் வைரஸ் ஏறிய செல்லில் அது மலை மாதிரி நிற்கிறது. ஓரத்தில் என் கையெழுத்து: "அளக்கும் தட்டு பழையது. நம்ப வேண்டாம்."

தட்டு பழையதா? தேதி பார்த்தேன். புதுசு. அந்த வாரம்தான் பெட்டியைப் பிரித்திருக்கிறோம்.

நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. வேண்டாததைக் கண்ணால் பார்த்தும் பார்க்காமல் போகிற ஆள். எது மோசம்?

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றைக்குச் செய்தேன். வைரஸ் ஏறிய செல் இரண்டு தட்டு. ஒன்றை எப்போதும்போல் ஐஸில் வைத்து, சோப்புக் கரைசலில் உடைத்தேன். இன்னொன்றில் கொதிக்கிற கரைசலை நேராகத் தட்டிலேயே ஊற்றினேன். அப்படி ஊற்றினால் உள்ளே இருக்கிற நொதி, காவல்காரன், எல்லாம் அந்த நொடியிலேயே செயல் இழந்துவிடும். அதற்கு மேல் எதுவும் எதையும் வெட்ட முடியாது. செல் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே பட்டையில் தெரியும்.

சோப்பில் உடைத்ததில்: வெட்டு.

கொதிக்க ஊற்றியதில்: ஒரே பட்டை. மேலே. முழுசாக.

ஏப்ரல் 9, புதன்

மறுபடி செய்தேன். அதே.

ஏப்ரல் 11, வெள்ளி

கடைசிக் கத்தி இன்றைக்கு.

வைரஸைப் பார்க்கவே பார்க்காத செல் கொஞ்சம் எடுத்தேன். அதன் காவல்காரன்மேல் அடையாளத்துக்கு ஒரு சின்ன ஒட்டு வைத்திருந்தேன், எந்தக் கூட்டத்திலும் தனியாகத் தெரியும். வைரஸ் ஏறிய செல்லையும் இதையும் ஒரே குழாயில் போட்டு, சோப்பில் உடைத்தேன். ஐஸில் இருபது நிமிஷம், எப்போதும்போல்.

வைரஸே படாத செல்லின் காவல்காரனும் வெட்டுப்பட்டுக் கிடந்தான்.

ஆக, செல்லுக்குள் அந்தக் கத்தரிக்கோல் அவனைத் தொடவே இல்லை. உள்ளே இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்திருக்கின்றன. நான் சுவரை உடைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி, ஐஸில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன் பார், அப்போதுதான் வெட்டியிருக்கிறது. டப்பாவில் எழுதியிருந்த கலவை இந்த நொதியைத் தொடவில்லை. வெட்டியது வைரஸ் இல்லை. என் கைதான்.

செல் உயிரோடு இருந்தபோது காவல்காரன் முழுசாக இருந்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தான்.

சந்தேகத்தின் மேசையில் படத்தை வைத்தேன். பார்த்தாள். நான் நினைத்த மாதிரி "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. எழுந்து போய் எனக்கு ஒரு டீ கொண்டு வந்து வைத்தாள். அதுதான் தாங்கவில்லை. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். நல்ல பொருத்தமான பொய்.

சரி, மணி அடித்தது. அடித்ததென்றால் காய்ச்சல் எங்கே போச்சு? தட்டில் இருக்கிற செல்லுக்குக் காய்ச்சல் வராது, மனுஷ உடம்பு வேறு, ஒரு தட்டை வைத்து ஒரு ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட முடியாது, எல்லாம் எனக்குத் தெரியும். அப்படியென்றால் மார்ச் ஒன்பதாம் தேதி மட்டும் எப்படிடி சொன்ன? வேண்டியதுக்கு ஒரு நியாயம், வேண்டாததுக்கு ஒரு நியாயமா?

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை.

மாத்திரை கொடுத்தேன். முதல் நாள் சாயங்காலம் ஒன்று, தலை வலிக்கிறது என்றான். அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம். நானே தண்ணீரோடு கையில் கொடுத்தேன். சாதாரண வலி மாத்திரை, எல்லார் வீட்டிலும் இருப்பது. அது காய்ச்சலையும் இறக்கும் என்று எனக்குத் தெரியாதா? நெற்றியில் கை வைத்துப் பார்த்ததெல்லாம் மாத்திரை போட்ட பிறகு. இரண்டாம் நாள் காலையில் அடுத்த மாத்திரைக்கு நேரம் தவறிப்போனபோது "குளுருதுக்கா" என்றான். ஃபேனை நிறுத்திவிட்டு மாத்திரையைக் கொடுத்தேன்.

ஃபேனை நிறுத்தினேன். அய்யோ.

ஏப்ரல் 16, புதன்

இன்னும் இருக்கிறது. அதையும் எழுதித் தொலைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "காய்ச்சல் இருந்ததா?" இல்லை என்றேன். அது என் மடத்தனம், நானே நம்பினேன். அடுத்து கேட்டார், "வீட்டுல மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" பக்கத்தில் அம்மா நின்றாள். "நீதாண்டி படிச்சவ, நீயே சொல்லு" என்றாள். வைரஸ் பற்றியே படித்தவள், வைரஸ் வந்தவனுக்கு மூன்று நாள் மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாக "இல்லை" என்றது.

ஒரே ஒரு வார்த்தை. அதை எழுதிக்கொண்டார்கள். காய்ச்சல் இல்லை, மருந்து எதுவும் எடுக்கவில்லை, தகவல் சொன்னவர்: அக்கா. காய்ச்சல் இல்லாத வலிப்பு என்று நினைத்து அதற்கான வைத்தியத்தில் ஒன்றரை நாள் போனது, தலைவலிக்கு அங்கே ஏற்றிய மருந்திலும் சூடு தெரியவில்லை. அப்புறம்தான் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். இடையில் எத்தனையோ தடவை அந்த டாக்டர் என்னைத் தாண்டிப் போனார். கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்த வார்த்தைதான் ஆஸ்பத்திரித் தாளில் ஏறி, அங்கிருந்து எங்கள் பரிசோதனைக்கூடத்துத் தாளுக்கு வந்து, இப்போது என் கட்டுரையின் முதல் பக்கத்தில் நிற்கிறது. "பதினொருவரில் பத்துப் பேருக்குக் கடும் காய்ச்சல். ஒருவருக்கு மட்டும் அறவே இல்லை." அதிலிருந்துதான் ஆராய்ச்சியே ஆரம்பம். என் பொய்யை நானே சான்றாக எடுத்து வைத்து, அதற்கு விளக்கம் தேடி ஒரு வருஷம் அலைந்திருக்கிறேன். சிரிப்பாச் சிரிக்குது என் பொழைப்பு.

ஏப்ரல் 17, வியாழன்

இன்றைக்கும் பின்னால் நின்றான். பேசாமல் நிற்பதைவிடக் கிண்டல் பண்ணினால் தேவலை.

ஏப்ரல் 22, செவ்வாய்

தலைவரிடம் போனேன். கொதிக்க ஊற்றிய படம், கலந்து உடைத்த படம், நவம்பர் அளவீடு, மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ரொம்ப நல்லா வந்துட்டிருந்துச்சேம்மா."

"ஆமா சார்."

"குழாயில வெட்டுதுங்கறதை ஒரு வரி சேர்த்துக்கிட்டு, மிச்சத்தை அப்படியே..."

"மிச்சம்னு ஒண்ணும் இல்ல சார்."

அப்புறம் ஏழாம் எண் யார் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை என்ற தகவல் யார் கொடுத்தது, மாத்திரை விஷயம், எல்லாம். மேசையில் இருந்த மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கடைசியில் சொன்னார், "இதை என்கிட்ட சொல்லாம எப்படிம்மா தினம் அந்த அறைக்குள்ள போய்ட்டு வந்த?"

கட்டுரை அனுப்பப்போவதில்லை. ஏழாம் எண்ணை இனி நான் தொடக்கூடாது. நியாயம்தான். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வேலை போய்விடும் என்று பயந்தேன், போகவில்லை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும்போல. ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் பெரியது பாக்கி இருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

போகவில்லை. தம்பி வீட்டுக்கென்று கிளம்பி, செருப்புப் போட்டு, வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மே 4, ஞாயிறு

போனேன்.

வாலு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. "அத்தை, என் பல்லு ஆடுது!" என்று வாயைத் திறந்து காட்டிற்று. அப்படியே திரும்பிவிடலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

தம்பி பெண்டாட்டியிடம் சுற்றி வளைக்கவில்லை. போன தடவை சொன்னது தப்பு என்றேன். காவல்காரன் வெட்டுப்படவில்லை என்றேன். மாத்திரையைச் சொன்னேன். குளிருகிறது என்று அவன் சொன்னதைச் சொன்னேன். டாக்டரிடம் இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

அப்புறம், "எத்தனை மாத்திரை?" என்றாள்.

"ஒம்பது. இல்ல, பத்து."

"எண்ணி வச்சிருக்கீங்க."

"ஆமா."

"அப்ப மார்ச் மாசம் வந்து என் தோளைத் தட்டிக்குடுத்தீங்களே, அப்பவும் இது மனசுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எனக்காகச் சொல்லலை அன்னைக்கு. உங்களுக்காகச் சொல்லிக்கிட்டீங்க."

ஆமாம் என்றேன். அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள். பாத்திரம் துலக்குகிற சத்தம் கேட்டது. ஒரே பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துலக்குகிறாள் என்று தெரிந்தது. உள்ளேயிருந்தே சொன்னாள், "போங்க அண்ணி. கொஞ்ச நாளைக்கு வராதீங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவே இல்லை.

"நீ இல்லைன்னு சொன்னப்ப நான் பக்கத்துலதானே நின்னேன். நீ மாத்திரை குடுத்ததை நான் பாக்கலையா?"

"அப்ப ஏம்மா நீயாவது சொல்லல?"

"படிச்சவ சொல்றா, ஏதாவது காரணம் இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் அவனும் போயிட்டான். இதைக் கேட்டா நீயும் ஏதாவது பண்ணிக்குவியோன்னு பயமா இருந்துச்சுடி. ஒருத்தனை விட்டாச்சு. இன்னொண்ணையும் விடணுமா?"

ஒரே வீட்டில் பதினாறு மாதம் இரண்டு பேரும் இதை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு டீ போட்டுக் குடித்திருக்கிறோம்.

மே 5, திங்கள்

அம்மா என் அறையிலேயே பாயைப் போட்டுக்கொண்டாள். "முழங்கால் வலிக்குது, கட்டில் ஒசரம்" என்கிறாள். சரி என்றேன்.

மே 19, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். ஞாபகம் வைத்திருந்தார். அறை வாசலில் நோயாளிகள் வரிசை, நான் சொல்லி முடிக்கிற வரை யாரையும் உள்ளே விடவில்லை. நல்ல மனுஷர்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா பிழைச்சிருப்பானா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் போனேன் என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"இந்த வைரஸுக்கு மருந்து இல்லைன்னு என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். மூளை வீக்கத்தை ஒரு நாள் முன்னாடி கவனிச்சிருப்போம். பிழைச்சிருப்பாருன்னு சொன்னாலும் பொய், பிழைச்சிருக்க மாட்டாருன்னு சொன்னாலும் பொய். எனக்குத் தெரியாது."

பழைய கோப்பை எடுக்கச் சொல்லி, என் எதிரிலேயே அந்த வரியைத் திருத்தினார். தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். இனி அந்தத் தாளில் உண்மை இருக்கிறது. அவனுக்கு அதனால் என்ன?

காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து அவன் ஏதாவது சொல்வானா என்று. சொல்லவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

சந்தேகம் ஒரு யோசனை சொன்னாள். இந்தத் தப்பு எங்களுடையது மட்டுமாக இருக்காது, சோப்பில் உடைத்து இந்த மாதிரி வெட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ, எப்படி ஏமாறுகிறோம் என்பதையே ஒரு சின்னக் கட்டுரையாக எழுதலாம் என்கிறாள். ஏழாம் எண் வேண்டாம், வேறு மாதிரியை வைத்து அவள் செய்வாள், எழுதுவது நான்.

"உன் பேரை முதல்ல போடு" என்றேன்.

"தப்பு பண்ணினது நீ. உன் பேருதான் முதல்ல" என்றாள். பல நாள் கழித்துச் சிரித்தேன். கொஞ்சம்தான்.

ஜூன் 12, வியாழன்

தம்பி பெண்டாட்டியிடமிருந்து ஒன்றும் இல்லை. முப்பத்தொன்பது நாள். வாலுவுக்குப் பல் விழுந்ததா தெரியவில்லை. அம்மா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள், வந்து எதுவும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை.

ஜூன் 27, வெள்ளி

காலை பதினொன்றரை மணிக்குப் போன். கை உறைக்குள் இருந்தது, பல்லால் கடித்து உறையைக் கழற்றினேன்.

"அண்ணி, வாலுவுக்கு உடம்பு கொதிக்குது. காலையிலேருந்து தலை வலிக்குதுன்னு அழுவுறா. நான் எதுவும் குடுக்கல. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். நீங்க வாங்க."

சந்தேகம் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டு, "போ, நான் பாத்துக்கறேன்" என்று தள்ளிவிட்டாள். வழி முழுக்க என்ன நினைத்தேன் என்று எழுத மாட்டேன்.

குழந்தைகள் பிரிவில் நீளமான பெஞ்ச். அவள் மடியில் வாலு, கண் மூடி, கன்னமெல்லாம் சிவந்து. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு உங்க மேல கோபம் போகல."

"தெரியும்மா."

"போகுமான்னும் தெரியல. ஆனா டாக்டர்கிட்ட நீங்கதான் சொல்லணும். எனக்குப் பயத்துல எல்லாம் குழம்புது. நீங்க ஒண்ணு விடாம சொல்வீங்க இப்ப."

கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். எத்தனை மணிக்குச் சூடு ஆரம்பித்தது, எவ்வளவு, என்ன சாப்பிட்டாள், எப்போது வாந்தி எடுத்தாள், தம்பி பெண்டாட்டி காதோரம் சொல்லச் சொல்ல நான் டாக்டரிடம் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். குழந்தையின் அப்பா எதனால் இறந்தார் என்பதையும், அவருக்குக் காய்ச்சல் இருந்தது என்பதையும் சொன்னேன். அவள் என் முந்தானையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கழுத்தை மடக்கிப் பார்த்தார்கள், கண்ணில் விளக்கடித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் உட்காரவைத்துக் கவனித்தார்கள். தொண்டைப் புண், வேறு ஒன்றும் இல்லை, நாளைக்கு மறுபடி காட்டச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் வாலுவை என் மேல் சாத்திவிட்டு மருந்து வாங்கப் போனாள். குழந்தையின் நெற்றி என் கழுத்தில் சுட்டது. இந்தத் தடவை சூடு மறையாமல் தெரிகிறது, அது போதும் என்று இருந்தது எனக்கு. திரும்பி வந்து, "நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள்.

"நான் வரேன்."

"ஒம்பதரைக்கே வந்துடுங்க. வரிசை இருக்கும்" என்றாள்.